வெள்ளை வளையம்

கஸ்ஸெலுக்கு வடக்கே, இரவு ஷிப்டில்,
கழுவி வரும் கண்ணாடிப் பாட்டில்களை
விளக்குக்கு எதிரே பார்க்கிறாள் வீப்கெ.
ஒன்றோடொன்று உரசி உரசித்
தோளிலும் இடுப்பிலும்
வெள்ளையாய்த் தேய்ந்த வளையங்கள்.
அகலமானது பலமுறை போய்வந்தது.
மெலிந்தது புதுசு.

"பாரம்," என்பான் லாரி ஓட்டும் ஹென்னிங்.
"பிளாஸ்டிக் ஏற்றினால் மேட்டில்கூட
டீசல் முள் நகர்வது தெரியாது.
உன் கண்ணாடி
வழியெல்லாம் குடித்துக்கொண்டே வருகிறது."

பொய்யில்லை.
கொதிநீர், காஸ்டிக் சோடா, நீராவி:
அதன் செலவு அவள் கையுறைக்குள்ளும் சுடும்.
பக்கத்து ஊர் என்றால் கணக்கு அவள் பக்கம்,
ஹாம்பர்க் வரை என்றால் அவன் பக்கம்.
நடுவில் எந்த மைல்கல்லில் மாறுகிறது என்று
சூப் ஆறிப்போகும்வரை சண்டை போட்டிருக்கிறார்கள்.

இன்று ஒரு பாட்டில் நின்றது.
உள்ளே யாரோ போட்டுவிட்ட
நீல நிறக் குட்டி பிளாஸ்டிக் மூடி.
குலுக்கினாள், கவிழ்த்தாள்,
கம்பியால் நெம்பினாள்.
ஊஹூம்.

உடைக்கத்தான் வேண்டியிருந்தது.
இத்தனை அகல வளையத்தை
அவள் இதுவரை பார்த்ததில்லை.

சில்லுகள் உலைக்குப் போகும் வண்டியில்.
மூடி உள்ளங்கையில்.
திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்:
ஒரு கீறல் இல்லை.
ஒரே ஒருமுறைதான்
வேலைக்குப் போயிருக்கிறது.