கடைசிப் பந்தி

சட்பரி. வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
ஆஸ்பத்திரி நாலாம் மாடி, சலவை அறைக் கதவுக்கு மேலே
கவிழ்த்த தட்டுப்போல ஒரு வைஃபை பெட்டி.
அதன் கீழே, கவிழ்த்த வாளியில் ஏறி
போனை உயர்த்திப் பிடித்தபடி ரொடேல்.
அவன் துடைப்பம் சுவரில் சாய்ந்து காத்திருக்கிறது.

"சிக்னல் இல்லை" என்கிறான்.
கோடுகள் எல்லாம் நிறைந்திருக்கின்றன, பார்க்கிறேன்.
சிக்னல் அல்ல ரொடேல், வரிசை.
அந்த வரிசையை அக்டோபரில் எழுதியவள் நான்.

இந்தக் கூரைக்குள் காற்று ஒன்றுதான்,
ஒரு நேரம் ஒருவர்தான் பேசலாம்.
ஆகவே பந்தி பிரித்தேன்.
துடிப்புக் கருவிக்கும் தாதிகளின் குரலுக்கும் முதல் இலை.
குரல் பொல்லாத பண்டம்:
கொஞ்சம் சிந்தினாலும் காது நிரப்பிக்கொள்ளும்,
பிந்தி வந்தால் தொடுவாரில்லை.
எக்ஸ்ரே படம் சாது. எவ்வளவு நேரமும் இருக்கும்,
ஆனால் ஒரு பருக்கை குறைந்தாலும் எழும்பாது.
வந்தவர் போனவர் எல்லாருக்கும் கடைசிப் பந்தி.
அடிச்சட்டியில் ஒட்டியது அவர்களுக்கு.

பந்திக்கு முந்து என்றுதான் என் மொழி சொல்லித்தந்தது.
பிந்தியவன் என்ன சாப்பிட்டான் என்று சொல்லவில்லை.

விடிய மூன்று மணி. இலோயிலோவில் பிற்பகல் நாலு.
ரொடேலின் மகள் பல் விழுந்த வாயைக் காட்டுகிறாள்.
வாய் திறந்தபடி உறைகிறது,
சதுரம் சதுரமாக உதிர்கிறது.
அவன் வாளியின் விளிம்பில் நுனிக்கால் ஊன்றுகிறான்.

என் திரையில் அவன் ஒரு பன்னிரண்டு எழுத்து முகவரி.
முதல் பந்தியில் உட்காரவைக்க நாலு சொடுக்கு.
விரல் போனது, திரும்பி வந்தது.
ஒன்பதாம் கட்டில்காரியின் துடிப்பும்
இதே தட்டில்தான் பரிமாறப்படுகிறது.

அப்போதுதான் பார்த்தேன்,
அவனுக்கு மேலே உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பவர்களை:
நாற்பது டேப்லட்கள்.
தள்ளுவண்டிகளில் அணைந்த முகத்தோடு
தங்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கின்றன.
"ஊழியர்" என்று நானே பெயர் எழுதி
இரண்டாம் பந்தியில் இருத்தியவை.
ஒன்றுக்கும் பசியில்லை. ஆறு மணிக்குத்தான் வேலை.

எழுப்பினேன். பின்னால் போய் உட்காரச் சொன்னேன்.
பதிவேட்டில் ஒரே வரி: வகைப்பாடு திருத்தப்பட்டது.

சலவை அறைப் பக்கம் சிரிப்புக் கேட்டது.
எட்டிப் பார்த்தேன்.
பல் விழுந்த ஓட்டைக்குள் நாக்கு நுழைந்து நுழைந்து வருகிறது,
ஒரு சதுரமும் உதிராமல்.

ரொடேல் என்னைக் கண்டு கட்டைவிரலை உயர்த்தினான்.
"இந்த இடம்தான் சரி. சரியாக இந்த இடம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் இரவு அதே தரையில்
சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டிருந்தது,
வாளி அளவுக்கு.