சாக்குக் கழிவு

பள்ளிக்கூடத் தராசின் ஸ்பிரிங் செத்து ஒரு தவணையாயிற்று.
யார் ஏறினாலும் பத்தொன்பது.
அதிபர் ஏறினார், பத்தொன்பது.
சோற்று வாளியை வைத்தோம், பத்தொன்பது.
வலயத்துக்குப் படிவம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும்:
தரம் நான்கு, உயரம், நிறை, இருபத்தாறு பிள்ளைகள்.

கொழுந்து மடுவத்தில் போய்க் கேட்டேன்.
“ஒரு மணி நெறுவைக்கு முந்தி வந்துறணும், டீச்சர்.”
கொக்கித் தராசு. வட்ட முகம், ஒற்றை முள்.
வாசல் உத்தரத்தில் கட்டி
கொழுந்துச் சாக்கொன்றை மாட்டினோம்,
பச்சை வாசம் போகாத சாக்கு.
காலை உள்ளே விட்டு, விளிம்பைப் பிடித்து
ஒவ்வொருவராய்த் தொங்கினார்கள்.
மழைக்குச் சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கம்
இப்படியொரு சிரிப்புக் கேட்டு நாளாயிற்று.

சதுர்ஷிகா பத்தொன்பது எண்ணூறு.
கவிலாஷ் பதினெட்டு இருநூறு, ஈரச் சப்பாத்தோடு;
கழற்றச் சொன்னேன், பதினேழரை.
மிதுர்ஷன் ஏறியதும்
முள் கொஞ்சம் நகர்ந்தது, யோசித்தது, நின்றது.
பதினைந்து எழுநூறு.
வருகிற ஆவணிக்கு ஒன்பது வயது.
எழுதப் போனேன்.
சாக்குக்குள்ளிருந்து கேட்டான்:
“டீச்சர், சாக்குக்குக் கழிப்பீங்களா?”

மடுவத்தில் கழிப்பார்கள்.
சாக்குக்கு ஒரு கிலோ,
மழை நாளில் இலைத் தண்ணீருக்கு இன்னொன்று,
முற்றலுக்கு அவரவர் மனம்போல.
பதினெட்டு நின்றால் முழுப் பேர்,
குறைந்தால் அரைப் பேர்.
வாய்ப்பாட்டுக்கு முன்பே
இது இவர்களுக்குப் பாடம்.

“இல்லடா, கழிக்கமாட்டேன்” என்றேன்.

சதுர்ஷிகா விரல்விட்டுப் பார்த்துவிட்டு,
“டேய், ஒங்கம்மா ஒன்னயவே சாக்குல கொண்டுபோய் மாட்டினாலும்
அரைப் பேர்தான்டா.”
வகுப்பே உருண்டது.
மிதுர்ஷனும் சிரித்தான்.
சாக்கு ஆடிற்று, முள் ஆடிற்று,
ஒரு தடவை பதினாறைத் தொட்டுவிட்டு வந்தது.
அதையே எழுதிவிடலாமா என்று பார்த்தேன்.

ஜெயசோதி அன்றைக்குப் பிந்தித்தான் வந்தாள்.
பள்ளிக்கூடச் சோற்றுக்கு மூன்று மாதக் காசு பாக்கி;
கடைக்காரன் கொப்பியை மூடிவிட்டானாம்.
அவித்த முட்டை பதின்மூன்று.
தையல் நூலை இறுக்கிப் பிடித்து
ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்தாள்.
“கத்தின்னா மஞ்சள் ஒட்டிக்கிரும்” என்றாள்.
நூலை வீசவில்லை. அதைக்
கடைசிப் பிள்ளை நக்கிக் கொடுத்தது.

படிவத்தில் சிவப்புக் கட்டத்துக்குப் பதினொரு பேர்.
அடுத்த நிரல் காரணம்:
பூச்சித் தொல்லை, காய்ச்சல், பெற்றோர் கவனயீனம், வேறு.
வேறு என்பதற்கு எதிரே
நகக்கண் அளவு இடம்.

தராசை அவிழ்க்குமுன்
வெறுஞ்சாக்கை மட்டும் தொங்கவிட்டேன்.
நானூறு கிராம்.
ஆக, கழித்தே ஆகவேண்டும்.
அவனிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.
எழுநூறை வெட்டி முந்நூறு என்று போட்டேன்.
எல்லோருக்கும் வெட்டினேன்.

அதற்கப்புறம்தான் மற்றக் கணக்கு வந்து நின்றது.
நானூறு கிராம் சாக்குக்கு ஒரு கிலோ.
மிச்சம் அறுநூறு.
நாளுக்கு மூன்று நிறுவை.
ஆயிரத்து எண்ணூறு கிராம் கொழுந்து,
கிள்ளிய விரல் இருக்க, யாருடைய கணக்கிலும் இல்லாதது.
நேற்று மிதுர்ஷனின் அம்மாவுக்கு
பதினாறு அறுநூறு. அரைப் பேர்.

நகக்கண்ணில் பொடி எழுத்தாய் எழுதத் தொடங்கினேன்,
பெருக்கலுக்கே இடம் முடிந்தது.
தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க வெள்ளை.

வாசலில் மடுவத்துப் பையன்,
தலையில் பொலித்தீன்.
தராசு வேணுமாம்.
சாக்கும் வேணுமாம்.