தோன்றா எழுவாய்

பத்தொன்பது ஆண்டாய் இதுதான் வேலை:
கதவு தேடிப் போய்ச் சம்மன் கொடுப்பது.
மணி அடித்தால் திறக்கமாட்டார்கள்.
செருப்பு அலமாரியைப் பார்ப்பேன்.
ஈரம் காயாத ஒரு ஜோடி போதும்,
ஆள் உள்ளே என்பதற்கு.
அங் மோ கியோவில் ஒருவர்
குளியலறைக்குள்ளேயே மூன்று மணிநேரம் இருந்தார்.
மின்தூக்கி அருகே நின்று
ஒரு பொட்டலம் கடலையை முடித்தேன்.
கடைசியில் எல்லாரும் வெளியே வருவார்கள்.
பசி என்று ஒன்று இருக்கிறதே.

இந்தத் தடவை
பசிக்காத ஒருவரைத் தேடச் சொன்னார்கள்.

வழக்காடுபவர் காதர் மீரான்.
ஜாலான் புசாரில் கப்பல் பம்புகளுக்கு
வாஷரும் சீலும் விற்பவர்.
அவர் பெயரை ஆங்கிலத்தில் ஒன்பது விதமாய் எழுதலாம்.
ஏழாவது விதம் வேறு எவனுடையதோ.
அந்த எவனோ எங்கிருந்தோ எதையோ கப்பலேற்றினான்.
மூன்று ஆண்டு நான்கு மாதம்
இவர் பட்டியலில் இருந்தார்.

வாடகைக் காசோலை திரும்பி வந்தது.
கடைப்பையன் சம்பளத்தைக் கேட்டான்,
பிறகு கேட்காமலே போய்விட்டான்.
மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பதினெட்டு வெள்ளி,
இணையத்தில் மட்டும்தான் கட்டலாமாம்.
ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் பணத்தை வாங்கியது
டன்லப் தெருப் பள்ளிவாசலின் உண்டியல்தான்.

வங்கி சொன்னது: நாங்கள் வெறும் அம்பு.
அரசு அலுவலகம் சொன்னது: நாங்களும்.
எய்தவன் இருக்க அம்பை நோவானேன், சரி,
வில்லையாவது காட்டுங்கள் என்றார் மீரான்.
நூற்றுச் சொச்சம் கைகள் பிடித்த வில் அது,
ரேகை எடுக்க முடியாது என்றார் எங்கள் வழக்கறிஞர்.
எடுத்தாலும் விலக்குரிமை இருக்கிறது.

பிறகு ஒரு புதன்கிழமை மின்னஞ்சல்.
ஒரே வரி.
மீரான் அதைத் தமிழாக்கி ரசீதின் பின்புறம் எழுதிக் காட்டினார்:
பெயர் நீக்கப்பட்டது.
மேலே இரண்டைத் தாமே சேர்த்திருந்தார்:
பெயர் சேர்க்கப்பட்டது. கணக்கு முடக்கப்பட்டது.
"யாரால்?"

உயர்நிலை இரண்டில் எங்கள் தமிழாசிரியை சொன்னார்:
'வந்தான்' என்றால் அவன் ஒளிந்திருக்கிறான்,
விகுதியைப் பிடித்து இழு, வெளியே வருவான்.
நானும் இழுத்துப் பார்த்தேன்.
வந்தது பெயர்தான், திரும்பவும் அவர் பெயர்.
அடிபட்டவனையே எழுவாயாக்கும் வாக்கியம்.

"அவையால்" என்றேன்.
"அவை என்றால்? சபையா,
அஃறிணைப் பன்மையா?"

டாங்லின் பக்கம் கண்ணாடிக் கட்டடம்,
எட்டாவது மாடியில் அவையின் கிளை.
செருப்பு அலமாரி இல்லை.
பாதுகாவலர் ரோஸ்னா நல்லவர், தண்ணீர் கொடுத்தார்.
மேசையில் நெகிழி போட்ட அட்டை:
நீதிமன்றத் தாள்கள் பெறப்படமாட்டா.
"ஒட்டவும் கூடாது அங்கிள். சுவரும் அவர்களுடையது."
பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.
பெயர், ஆங்கிலத்தில்.

எழிலரசு.
அந்த எழுத்துகளில் ழகரத்துக்கு இடம் கிடையாது.
பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி,
வங்கியில் வேறு மாதிரி.
பேனா நின்றது.
எந்த எழுத்தில் நான் குற்றமற்றவன்?
ரோஸ்னா கணினியில் தட்டினார்.
அது எட்டு விநாடி யோசித்தது.
மீரானின் மூன்று ஆண்டு நான்கு மாதத்தில்
என் பங்குச் சில்லறை.

காகிதத்தோடு திரும்பினேன்.
பிரமாணப் பத்திரத்தில்
'சம்மன் சேர்ப்பிக்கப்படவில்லை' என்று எழுதிவிட்டு
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அடித்தேன்.

நான் போனேன்.
கதவு இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.
மதியம் ஒன்று பத்துக்கு
பச்சைச் சட்டைப் பையன் ஒருவன்
மீ கோரெங் கொண்டுபோனான், எட்டாவது மாடிக்கு.
அவனிடம் யாரும் பெயர் கேட்கவில்லை.
இரண்டு பொட்டலம்.