ஒரு சுரம் நிற்கவில்லை

இரவு பதினொன்றேகாலுக்குப் போன் அடித்தால்
அது திஹோமிர்தான்.
ஹலோ கிடையாது.
"வெலிச்கா, பெட்டி செத்துவிட்டது" என்றான்.
பின்னால் ஒரு கல்யாணமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது:
கரண்டி தட்டில் விழும் சத்தம்,
நாற்காலி இழுபடும் ஓசை,
எதற்கும் சிரிக்கிற யாரோ ஒருவர்.
ஹாஸ்கோவோவுக்கு அப்பால் ஏதோ மண்டபம்.
நான் ஸ்லிவெனில்,
கால்களை வெந்நீரில் ஊறப்போட்டபடி.

விளக்கு எரிகிறதா?
எரிகிறது.
அப்படியானால் சாகவில்லை, ஊமையாகியிருக்கிறது.
இரண்டுக்கும் வெவ்வேறு கூலி.

வால்யூம் முழுசாகத்தான் இருந்தது.
ஹெட்போனைச் செருகியும் மௌனம்,
ஆக, மிக்சர் மேல் பழி போட வழியில்லை.
பெடலின் அடியைத் தடவிப் பார் என்றேன்.
(போன கோடையில் நாற்பது நிமிடம் தேடினோம்;
ஒயின் புட்டியின் தக்கை ஒன்று
அங்கே சிக்கிக் கிடந்தது.)
இந்த முறை தக்கை இல்லை.

அக்கார்டியன் கேபிள் எங்கே போகிறது?
"அவுட்டிலிருந்து அவுட்டுக்கு" என்றான், பெருமையாக.
மடையா,
வாயும் வாயும் பேசிக்கொண்டால்
கேட்பது யார்?
இன் என்று போட்டிருக்கிறதே, அதுதான் காது.
பதினேழு வருடமாக மேடை ஏறுகிறவன்
"ஓ" என்றான்.

மாற்றிச் செருகி, ஒரு விசையை அழுத்தினான்.
கிளாரினெட் வரவேண்டிய இடத்தில்
மாட்டு மணி.
அடுத்த விசைக்குச் சிம்பல்.
அதற்கடுத்ததற்கு யாரோ கைதட்டினார்கள்,
பெட்டிக்குள்ளே. மண்டபத்தில் யாரும் தட்டவில்லை.

பத்தாம் சேனல். தாளக்காரர்களின் வீடு அது.
உள்ளே இருக்கிற காசு அளவு பேட்டரி தீர்ந்துபோயிருக்கும்,
நீ சேமித்ததெல்லாம் அழிந்திருக்கும், திஹோமிர்,
இடக்கை பாஸ், கல்யாண வயலின்,
ஸ்டோயன்கா என்று பேர் வைத்தாயே ஒரு புல்லாங்குழல்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"ஸ்டோயன்காவும் போய்விட்டாளா?"
ஆமாம்.
"அவள் எப்பவோ போயாச்சு. சேனலை எப்படி மாற்றுவது, சொல்."

இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்து,
ஒன்று என்று வரும்வரை.
வந்தது.
சுரமும் வந்தது, கிளாரினெட்டேதான்.
விரலை எடுத்தான்.
சுரம் நின்றபாடில்லை.

இது எனக்குப் பழகிய நோய்.
'தொடங்கு' என்ற சொல் போய்ச் சேர்ந்துவிட்டது,
'நிறுத்து' கேபிளில் எங்கேயோ தவறி விழுந்துவிட்டது.
பெட்டி என்ன செய்யும் பாவம்,
சொல்லாததைச் செய்து அதற்குப் பழக்கமில்லை.
எல்லாவற்றையும் அடக்குகிற பொத்தான் ஒன்று
வலது ஓரத்தில் சின்னதாக இருக்கும்,
அதை

சொல்லி முடிப்பதற்குள்
அந்த ஒற்றை ரீங்காரத்தின் மேல் ஏறி
ஒரு பெண் பாடத் தொடங்கினாள்.
மணப்பெண்ணின் சித்தியாம்.
துருத்திக்குழலின் சுருதி என்று நினைத்துவிட்டாள்.
கரண்டிகள் ஓய்ந்தன.
எதற்கும் சிரிக்கிறவரும் ஓய்ந்தார்.

"அழுத்தட்டுமா?" என்று கிசுகிசுத்தான்.
தொட்டால் கையை ஒடிப்பேன்.
போனை மேசையில் வைத்துவிட்டுப் போ.

வெந்நீர் பச்சைத் தண்ணீராகும்வரை கேட்டேன்.

திங்கட்கிழமை கேபிளும் கையுமாக வந்தான்.
நான்காம் ஊசியில் ஈயம் விரிசல். பற்றவைத்தேன்.
புது பேட்டரி. கச்சிதம்.
காசை எடுக்காமல் நின்றான்.
"அந்தச் சித்தியின் மகனுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.
அதே மாதிரி வேண்டுமாம்."
ஒரு விசையைப் பிடித்துக்கொண்டே இரு, வரும்.
"பிடித்துப் பார்த்தேன்.
விரல் இருப்பது கேட்கிறது."

பழுதை எடுக்க என்னிடம் விலைப்பட்டியல் உண்டு,
திருப்பிப் போட இல்லை.
மணி ஒன்றாகிறது.
கேபிளை வளைக்கிறேன், முறுக்குகிறேன்,
ஊசியை ஆட்டியபடி விசையைத் தட்டுகிறேன்.
விட்டதும் நின்றுவிடுகிறது,
சனியன், ஒவ்வொரு முறையும்.