தண்ணீர் குடிக்காதவர்கள்

பாம்பாறு ஊருக்குள் வந்த மூன்றாம் நாள்
ஊத்தங்கரைப் பள்ளிக்கூடத்தில்
நூற்றுப் பதினோரு பெண்கள்.
ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவின் கதவில்
சாக்பீஸால் என் பெயர், அடியில் 'நர்ஸ்'.

கொடுத்த படிவத்தில்
அரிசி இருந்தது, போர்வை, மெழுகுவர்த்தி,
செத்த ஆடுகளுக்குக்கூட ஒரு கட்டம்.
நாப்கினை நான்
'இதர' என்ற கட்டத்துக்குள்
நுணுக்கி எழுதினேன்.
வந்தது பிஸ்கெட்.

மாரக்கா என்னை இழுத்துப்போய்
சத்துணவுக் கூடத்தின் பின்னால் சொன்னாள்:
"மாத்திரை அட்டை வெள்ளத்தோட போச்சு சிஸ்டர்.
அவரு போகலயே."
சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
என் பையில் இரண்டு அட்டை.
கேட்டவர்கள் ஒன்பது பேர்.

அன்று ராத்திரி நர்கீஸுக்குப் பனிக்குடம் உடைந்தது.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட முக்கோணம்.
டிராக்டரில் தார்ப்பாய் விரித்து ஏற்றினோம்,
பாலத்தின்மேல் தண்ணீர் சக்கரத்தின் அச்சு வரை.
பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு.
அதை எழுத ஒரு கட்டம் இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது தாழ்ப்பாளை.

குடிதண்ணீர் லாரி தினமும் வந்தது.
பெண்கள் பக்கத்து டிரம் மட்டும்
ததும்பியபடியே நின்றது.
எரிச்சல், குளிர்சுரம், அடிவயிறு கல்லாட்டம் என்று
வந்தவர்களிடம் கேட்டேன்:
தண்ணி குடிக்கிறீங்களா?
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
பதினாலு வயது பவதாரணிதான்
"ராத்திரி போகணுமே" என்றாள்.

கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை.
பல்பு இல்லை.
டார்ச்சோடு ஒருத்தன் அங்கேயே நிற்கிறான்.
கேட்டால்
பாம்பு வருதான்னு பாக்கறேன் என்கிறான்.

தாசில்தார் நல்ல மனிதர்,
மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார்.
நான் கடைத்தெருவுக்குப் போனேன்.
சேறு கழுவிக்கொண்டிருந்த ஹார்டுவேர் கடையில்
தாழ்ப்பாள் நான்கு, திருகாணி, பல்பு
முந்நூற்று எண்பது ரூபாய்.
முடுக்கியது மாரக்கா,
தோசைக்கரண்டியின் முனையால்.
டார்ச்சுக்காரன் பெயரை
ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன்,
கட்டமே இல்லாத வெள்ளைத் தாளில்.

மறுநாள் விடியலில்
டிரம்மைத் தட்டிப் பார்த்தேன்.
அடிவரை காலி.

ரசீது இன்னும் என் பர்சில் இருக்கிறது.
எந்தத் தலைப்பில் வைப்பது என்று
ஆடிட்டுக்கு வருகிறவர் சொல்லட்டும்.