ஈர எடை

இலை நிறுக்கிறவன் நான்,
அரவேணு ஃபேக்டரியில், பதினோரு வருஷம்.
சாக்கின் வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டால்
கையே சொல்லிவிடும்:
நூற்றுக்குப் பத்து தண்ணீர், கழி.

ராத்திரிக்கு வேறு வேலை.
குன்னூரிலிருந்து மதுவந்தி மேடம்
ஒரு கட்டு நோட்டு அனுப்பியிருந்தார்.
தென்கோடிப் பனிக்கண்டத்தில்
கையுறை போட்ட யாரோ பென்சிலால் எழுதியவை,
ஈரத்தில் ஊதி, ஏழும் ஒன்றும் ஒரே சாய்வில்.
கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பக்கத்துக்கு நாலு ரூபாய்.

பறவையின் பேர் பெட்ரல்.
பேக்கரி ஜோசி கேட்டான்: 'பெட்ரோல் கணக்கா?'
ஒரு விதத்தில் அப்படித்தான்.
பனிவிளிம்பில் பொறுக்கிய கூனியையும் மீனையும்
வயிற்றுக்குள் எண்ணெயாக்கிச் சுமந்து வருமாம்.
முந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து
பாறை இடுக்கில் இருக்கும் ஒற்றைக் குஞ்சின்
தொண்டைக்குள் ஊற்றுமாம்.
தெரியாத ஆள் கிட்டே போனால்
அதே எண்ணெய், முகத்தில்.
மூன்றாம் பக்கம் இன்னும் மஞ்சளாய் இருக்கிறது.
முகர்ந்து பார்த்தேன்.
மேட்டுப்பாளையத்தில், ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடக்கிற கருவாட்டுக் கடை.

ஒரு வேளைச் சாப்பாட்டை இப்படி எண்ணிவைத்திருக்கிறார்கள்:
கூனியின் கறுப்புக் கண் இருநூற்றுப் பன்னிரண்டு,
மீனின் காதுக்கல் ஒன்பது,
கணவாய் அலகு ஒன்று.
கண்ணை எண்ணி இரண்டால் வகுத்தால் தலைக்கணக்கு.
எனக்கு இது பிடித்திருந்தது.

பிறகு எடைப் பக்கங்கள்.
முப்பத்தொன்றாம் கூடு.
188. 226. 251. 249. 287.
நான் ஃபோன் போட்டேன்.
மேடம், நிறுத்தது தின்கிறதுக்கு முன்னாலா, தின்ற பிறகா?
தூவியில் பனி ஒட்டியிருந்ததா?
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
எல்லா நாளும் காலை ஏழு மணிக்கு, என்றார்.
பனியை யாரும் கழிக்கவில்லை.

கழிக்காத எடையை நான் நம்புகிறவன் இல்லை.
விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனேன்.
வெறும் வயிற்றில் ராத்திரி போனால் பதினெட்டு கிராம் குறைகிறது.
தாயோ தகப்பனோ வந்துபோனால் நாற்பது ஏறுகிறது.
ஒரு நாள் ஒன்று, அடுத்த நாள் மற்றது,
சில நாள் இரண்டும்.
இருபத்து மூன்றாம் நாளுக்கு மேல்
ஏற்றம், இறக்கம், இறக்கம், ஏற்றம், இறக்கம், இறக்கம்.
திரும்ப முதலிலிருந்து பார்த்தேன்.
அதே.

இதே மாதிரி ஒரு பக்கம் என்னிடம் இருக்கிறது.
லிங்கன், மாதி, ஒரே பாஸ்புக்.
தினம் நாற்பது கிலோவுக்குக் குறையாது.
போன ஐப்பசியில் இருபத்திரண்டு. பத்தொன்பது. இருபது.
லிங்கன் இல்லையென்று எனக்கு யாரும் சொல்லவில்லை,
தராசு சொல்லித்தான் தெரியும்.

பிப்ரவரி இருபத்தாறு: 214.
கப்பல் கிளம்புகிறது, என்று எழுதி நோட்டு முடிந்துவிட்டது.
எத்தனை கிராம் இருந்தால் அது பறக்கும்
என்று அதில் இல்லை.
மேடத்திடம் கேட்கவும் இல்லை.
குறிப்பு என்று ஒரு கட்டம் காலியாகவே இருந்தது
எல்லா வரிகளிலும்.
இருபத்து மூன்றாம் நாளுக்கு நேரே அடித்தேன்:
ஒரு ஆள்தான் வருது.
நீக்கச் சொன்னால் நீக்கிக்கொள்ளலாம்.

காலையில் மாதி வந்தாள்.
சாக்கு அடியில் நனைந்து கறுத்திருந்தது.
எட்டு கழித்தேன்.
புத்தகத்தை வாங்கிப் பார்த்தவள் நகரவில்லை.
'தப்பா இருக்கு. பத்துதானே போடணும்?'
இன்னிக்குப் பனி கம்மி, என்றேன்.
அவளுக்குப் பின்னால்
ஃபேக்டரிப் புல்மேடு முழுக்க வெள்ளை.