சுவருக்குள்

ஐம்பத்தோராம் தெரு, ரங்கூன்.
தரையோடு சேர்த்து ஆறு வீடு, லிஃப்ட் இல்லை.
நாலாம் மாடி என்னுடையது.
என் காசு, என் சுவர் என்றுதான்
குளியலறையை இரண்டடி தள்ளிப் போடச் சொன்னேன்.
எட்டியப்பன் காண்ட்ராக்ட்.
கொத்தனார் கோ சான் லின் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு
சுவரைத் தட்டிப் பார்த்து
உள்ளே ஏதோ போகுது என்றான்.
கிரைண்டர் வாடகை சாயந்தரத்தோடு முடிகிறது.
போனால் போகட்டும், வெட்டு என்றேன்.
பீய்ச்சியது. டேப் சுற்றி, பூசி,
மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டோம். நல்ல நீலம்.

இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.

கூட்டம் படிக்கட்டில் நடந்தது,
வேறு பொது இடம் எங்களுக்கு ஏது?
மூன்றாம் மாடி நெய்னா முகம்மது
கட்டிலை மூன்று தடவை நகர்த்திவிட்டாராம்,
சொட்டு விடாமல் பின்னாலேயே வருகிறதாம்.
மேல் வீட்டுக்காரருக்குத் தொட்டி நிரம்பவில்லை.
டோ டின் மியா டீச்சர் ஒன்றும் பேசாமல்
மீட்டர் பலகைமேல் டார்ச் அடித்தார்.
ஆறு மீட்டர்.
பலகை ஊறி உப்பியிருந்தது.

குழாய் பழசு என்றேன்,
வெள்ளைக்காரன் காலத்துத் துரு.
பழசு எல்லாருக்கும் பொது,
செலவை ஆறாகப் பிரிப்போம்.
பர்மியத்தில் ஒரு தடவை,
நெய்னாவுக்காகத் தமிழில் ஒரு தடவை.
இரண்டு பாஷையிலும் பொய் ஒரே நீளம்.
சொன்ன வேலையைத்தான் செய்தேன் என்றான் எட்டியப்பன்.
கோ சான் லினை யாரும் கூப்பிடவில்லை,
அவன் பெகுவில் வேறு சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான்.
கீழ்வீட்டுத் தையல்காரி மா யீ யீ
வாசலில் சாக்கை மடித்துப் போட்டபடி
கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராத்திரி பதினொன்றுக்குக் கரண்ட் வந்தது.
மோட்டார் ஓடியது.
சுவருக்குள் யாரோ அரிசி களைகிற சத்தம்.

வெள்ளிக்கிழமை அவர்களே பிளம்பரைக் கூட்டிவந்து
படிக்கட்டுப் பக்கமாக உடைத்தார்கள்.
நான் கடையில் இருந்தேன்.
இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பால்கனி மணி அடித்தது.
தெருவரை தொங்கும் கயிறு, நுனியில் கிளிப்,
தினம் பேப்பர் ஏறிவரும் வழி.
இன்றைக்கு உள்ளங்கையை அறுத்தது.
பிளம்பர் பில்லில் சுற்றி
ஒரு முழம் குழாய்.
நடுவில் விரல் நீளக் கீறல்,
ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல்.
சுற்றிலும் என் டேப்பின் பிசின்.

துரு இப்படி நேராகத் தின்னாது.

பில்லில் நாலு லட்சத்து எண்பதாயிரம்.
யாரும் ஆறால் வகுத்திருக்கவில்லை.
கீழே குனிந்து பார்த்தேன்,
ஆள் இல்லை, தையல் மிஷின் மிதிபடும் சத்தம்தான்.

என்னது அது என்று வள்ளிக்கண்ணு கேட்டாள்.
பொதுக்குழாய் என்று வாயெடுத்து
நம்மது என்றேன்.

பணத்தைக் கிளிப்பில் மாட்டி
இறக்கிவிட்டிருக்கலாம்.
சட்டையைப் போட்டுக்கொண்டேன்.
நாலு மாடி.
கைப்பிடி இன்னும் ஈரமாகவே இருந்தது.